பேனரில் கண்ணடித்த தங்கச்சி

எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று அம்மா எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். பொய்யில்லை. சில்லறை தராத கண்டக்டர் தொடங்கி தண்ணீர் மோட்டாரைப் பூட்டி வைக்கும் வீட்டுக்காரர் வரை ஈஜிபுராவில் நான் சண்டை போடாத ஆள் குறைவு. ஆனால் அந்த ஒரு வருஷம் நான் பட்ட கோபத்துக்கு ஒரு குண்டூசிகூட இடம் மாறவில்லை. யாரைத் திட்டுவது என்றே தெரியாத விஷயத்தில் மாட்டிக்கொண்டால் கோபக்காரன் கதி அதோகதிதான்.

இரண்டாயிரம் பிறந்த சமயம். ஊரே டாட் காம் டாட் காம் என்று சாமி வந்த மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. கோரமங்களாவில் ஒரு பங்களாவின் கார் ஷெட்டில் நடந்த கம்பெனியில் எனக்கு வேலை. முதலாளி, நான், இன்னும் இரண்டு பேர். பேனர் செய்வது தொழில். இன்டர்நெட்டில் ஒரு பக்கத்தைத் திறந்தால் அதன் தலைமாட்டில் நீளவாக்கில் ஒரு பட்டை வரும் அல்லவா, இரண்டு மூன்று படம் மாறி மாறி மினுக்கிக்கொண்டு, இங்கே கிளிக் செய் என்று கெஞ்சிக்கொண்டு, அதுதான். அதைச் செய்து யார் யாருடைய பக்கத்திலோ கொண்டுபோய் ஒட்டி, எத்தனை பேர் அழுத்தினார்கள் என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

அம்மாவுக்கு இது ஒரு வேலை என்று புரியவைக்கவே நாளாயிற்று. அவள் பொம்மனஹள்ளி கார்மெண்ட்ஸில் காலர் தைக்கிறவள். வேலை என்றால் சாயங்காலம் கையில் தூக்கிக் காட்ட ஏதாவது இருக்க வேண்டும் அவளுக்கு. கடைசியில் எங்கள் தெரு அம்மன் திருவிழாவை வைத்துத்தான் விளக்கினேன். மூங்கில் சாரம் கட்டி சீரியல் பல்பில் அம்மன் உருவம் வைப்பார்கள். ஒரு தடவை தாழ்ந்த கை எரியும், மறு தடவை உயர்ந்த கை எரியும். பார்க்கிறவர்களுக்கு அம்மன் கையைத் தூக்கி ஆசீர்வாதம் பண்ணுகிற மாதிரி இருக்கும். பேனரும் அந்தக் கதைதான் என்றேன். அதற்கப்புறம் கார்மெண்ட்ஸ் முழுக்க, பையன் கம்ப்யூட்டரில் லைட் போடுகிறான் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அப்பா நான் காலேஜ் முடிக்கும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டில் அம்மா, நான், தங்கச்சி. அவள் பி.காம். முடித்துவிட்டு ஜெராக்ஸ் கடையில் இருந்தாள். வீட்டில் எல்லோருக்கும் அவள் பாப்பா. எனக்கு நேர் எதிர். நான் கத்துவேன், அவள் சிரிப்பாள். சின்ன வயதிலிருந்து ஒரு பழக்கம் அவளுக்கு. அம்மா என்னைத் திட்டும்போது அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு என்னைப் பார்த்து ஒரு கண்ணை மூடுவாள். நான் சிரித்துத் தொலைப்பேன். அதற்கும் சேர்த்து எனக்குத் திட்டு விழும். இதைத் தாண்டி அதில் ஒன்றும் கிடையாது.

எங்களுக்கு ஒரு வாடிக்கையாளர் இருந்தார். கல்யாணத்துக்கு வரன் தேடித்தரும் சைட் ஒன்று நடத்தினார். நாங்கள் சி.டி.யிலிருந்து எடுத்து வெள்ளைக்காரப் பெண்கள் படமாகப் போட்டு அனுப்பினால் அவருக்கு ஆகவில்லை. நம்ம வீட்டுப் பெண் மாதிரி முகம் வேண்டும் என்று ஒரே பிடி. முதலாளி அப்போதுதான் ஃப்ளாப்பி போட்டுப் படமெடுக்கும் கேமரா ஒன்று வாங்கியிருந்தார். கேமரா இருந்தது, முகம் இல்லை.

அன்றைக்கு நான் டிபன் பாக்ஸை மறந்துவிட்டுப் போயிருந்தேன். பாப்பா ஒரு சிநேகிதியின் நிச்சயதார்த்தத்துக்குப் போய்விட்டு, பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவுமாக, சாப்பாட்டைக் கொடுக்க ஆபீசுக்கு வந்தாள். முதலாளி அவளைப் பார்த்த பார்வையிலேயே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. வேண்டாம் சார் என்று அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே சொன்னேன். பாப்பா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவளுடைய முகத்துக்கு என்ன குறைச்சல் என்று கேட்டாள். கேட்டுவிட்டு, காகிதப்பூக் கொடி படர்ந்த காம்பவுண்டுச் சுவர் முன்னால் போய் நின்றுகொண்டாள். அவள் ஒன்றை நினைத்துவிட்டால் பிரம்மா வந்தாலும் மாற்ற முடியாது.

முதலாளி கேமராவைத் தூக்கி ஒரு சிரித்த படம் எடுத்தார், இன்னொன்று எடுக்க மறுபடி தூக்கினார். நான் அவருக்குப் பின்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றேன். பாப்பா என் முகத்தைப் பார்த்தாள். வழக்கம்போல ஒரு கண்ணை மூடினாள். அந்தக் கேமரா பட்டனை அழுத்திக் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் படமெடுக்கும். சரியாக அந்த நேரம் பார்த்து எடுத்துத் தொலைத்தது.

மறுநாளே ஆம்பூரில் மாமா ஒருவர் தவறிவிட்டார் என்று நான் கிளம்பிப் போனேன். காரியமெல்லாம் முடிந்து திரும்பி வந்து, கம்ப்யூட்டரைப் போட்டு, கிரிக்கெட் ஸ்கோர் பார்க்க ஒரு பக்கத்தைத் திறந்தேன். மோடம் கீச் கீச்சென்று கத்தி முடித்த பிறகு படம் மேலேயிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. முதலில் மல்லிகைப்பூ. அப்புறம் நெற்றி. அப்புறம் பாப்பா. சிரித்தாள். கண்ணடித்தாள். சிரித்தாள். கண்ணடித்தாள். பக்கத்தில், உங்களுக்காகக் காத்திருக்கிறேன், இங்கே கிளிக் செய்யுங்கள் என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது.

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து பங்களா வாட்ச்மேன் ஓடி வந்துவிட்டான். முதலாளி பதறவேயில்லை. டீ வரவழைத்தார். அவர் கன்னடக்காரர், என்னிடம் தமிழில் கன்னடத்தைக் கலந்து பேசுவார். கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து இத்தனை பேர் அழுத்திய பேனர் வேறு கிடையாதாம். வாடிக்கையாளர் போன் போட்டுப் புகழ்ந்தாராம். படத்தை எடுங்கள் என்று நான் மேஜையைத் தட்டினேன். அவர் நிதானமாகச் சொன்னார்.

"நோடப்பா, இங்க பாரு, நம்ம இடத்துல நான் எடுத்துடறேன். மத்தவங்க இடத்துல யாரு எடுக்கறது?"

அவர் சொன்னது நியாயம்தான், அதுதான் வயிற்றெரிச்சல். அந்தக் காலத்தில் பேனரை மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு ஒன்று இருந்தது. உன் பேனரை நான் என் பக்கத்தில் வைக்கிறேன், என் பேனரை நீ வை என்று ஊர் பேர் தெரியாதவர்களோடு ஒரு பண்டமாற்று. மோடம் வேகம் பத்தாது என்பதால் பலபேர் படத்தைத் தங்கள் இடத்திலேயே பதிந்து வைத்துக்கொள்வார்கள். ஜோக் பக்கம், ராசிபலன் பக்கம், சமையல் குறிப்பு, பாட்டு வரிகள், எங்கே போனாலும் என் தங்கச்சி தலைமாட்டில் நின்று கண்ணடித்தாள். எங்கள் இடத்தில் இருந்ததை அவரும் சொன்னபடி எடுத்தார், நான் வேலையை விடுவேன் என்று நின்ற பிறகு. அதனால் என்ன ஆயிற்று? குடத்தில் இருந்தால் கவிழ்க்கலாம், கிணற்றில் கலந்ததை என்ன செய்வது.

பாப்பாவிடம் சொன்னேன். அவளுக்கு அதைப் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. பிரவுசிங் சென்டருக்குக் கூட்டிப்போனேன். படம் இறங்கி முடிகிறவரை வாயில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்புறம் அடக்க முடியாமல் சிரித்தாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இதை யாராவது பார்த்தால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"யாருண்ணா பாக்கப் போறா? நம்ம தெருவுல கேபிள் டிவியே திருட்டுத்தனமா இழுத்துத்தான் பாக்கறாங்க. கம்ப்யூட்டருக்கு எங்க போவாங்க?"

அதுவும் சரிதான். எங்கள் தெருவில் கம்ப்யூட்டர் பார்ப்பவன் நான் ஒருத்தன்தான். அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தோம். சொன்னாலும் அவளுக்கு என்னவென்று சொல்வது? உன் மகள் சீரியல் பல்பு அம்மன் மாதிரி உலகம் முழுக்க எரிகிறாள் என்றா?

இந்த நிலைமையில்தான் வரன் வந்தது. அம்மாவோடு வேலை செய்யும் அக்கா ஒருத்தி கொண்டுவந்தாள். பையன் வீடு பொம்மனஹள்ளி. எங்கள் பக்கத்து ஜனம், குடியாத்தத்திலிருந்து வந்தவர்கள். அப்பா டெம்போ ஓட்டுகிறார், அம்மா வீட்டிலேயே ஊதுவத்தி உருட்டிப் பையனைப் படிக்கவைத்தவள். பையன் எலெக்ட்ரானிக் சிட்டியில் சாஃப்ட்வேர் கம்பெனி. இதற்கு முன் வந்த வரன்களெல்லாம் அப்பா இல்லாத வீடு என்று தெரிந்ததும் வந்த வழியே போனவை. இவர்கள் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா அன்றிலிருந்து தூக்கத்தில்கூடச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பாப்பாவுக்கு அந்தப் பையனை ஏற்கெனவே தெரியும். தெரியும் என்றால் பேசிப் பழகி அல்ல. அந்த அக்கா வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் சாம்பார் வாளியோடு ஓடிக்கொண்டிருந்தானாம். இவள் இலையில் ஊற்றாமல் தாண்டிப்போய்விட்டு, பாதி பந்தி போனபின் ஞாபகம் வந்து திரும்பி ஓடிவந்து, மன்னிப்புக் கேட்டு, ரசம் சாப்பிடுகிறவள் இலையில் சாம்பாரை ஊற்றிவிட்டுப் போனானாம். இதை என்னிடம் சொல்லும்போது அவள் வழக்கம்போலச் சிரிக்கவில்லை. வெட்கப்பட்டாள். எனக்கு அது புதுசு. கொஞ்ச நேரம் துணி மடித்துக்கொண்டிருந்துவிட்டு, என்னைப் பார்க்காமலேயே சொன்னாள்.

"எது வேணா கெட்டுப் போகட்டும்ணா. இது மட்டும் கெடக் கூடாது."

பையனோ எலெக்ட்ரானிக் சிட்டிக்காரன். காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறிப்போய், இருட்டும் வரை இன்டர்நெட் முன்னால் உட்கார்ந்திருப்பவன். பார்த்துவிட்டானா, பார்க்கப் போகிறானா என்று தெரியாது. கேட்கவும் வழி கிடையாது. மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் நான் பக்கம் பக்கமாகத் திறந்து பாப்பாவைத் தேடுவேன். கிடைக்கிற இடத்தில் யார் நடத்துகிறார்கள் என்று பார்த்து, தயவு செய்து அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள், அது என் தங்கை என்று மெயில் எழுதுவேன். முக்கால்வாசி மெயில் திரும்பி வந்தது. ஒருத்தன் எடுத்தான், மகராசன். ஒருத்தன் உன் தங்கையின் முகவரி என்ன என்று கேட்டு எழுதினான். அவன் எந்த நாட்டில் இருக்கிறான் என்றுகூட எனக்குத் தெரியாது. எங்கே போய் அவன் சட்டையைப் பிடிப்பது? வரன் தேடும் சைட் அடுத்த வருஷம் மூடிக்கொண்டது, எங்கள் கம்பெனியும் மூடிக்கொண்டது. அதற்கப்புறமும் பல நாள் ஏதோ ஒரு ஜோக் பக்கத்தில் அவள் கண்ணடித்துக்கொண்டிருந்தாள். அழுத்தினால் ஒன்றும் திறக்காது.

பையனிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. பாப்பா ஒரேயடியாக மறுத்துவிட்டாள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் என்பார்கள், இது பொய்கூட இல்லை, கல்யாணத்துக்கப்புறம் நானே சொல்லி அவரைச் சிரிக்கவைப்பேன் என்றாள். அதை அவள்தான் சொல்ல வேண்டும், என் வாயால் சொன்னால் சிரிப்பு வராது என்றும் சொன்னாள். அதிலும் உண்மை இருந்தது.

எங்கள் ஜனத்தில் பெண் பார்க்க நேராக வீட்டுக்கு வரமாட்டார்கள். வந்து, பஜ்ஜி சாப்பிட்டு, காபி குடித்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனால் தெருவே பேசும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது. அதனால் திருவிழாவில் பார்ப்பார்கள். இவர்கள் ஒரு பக்கமாக வருவார்கள், நாங்கள் ஒரு பக்கமாகப் போவோம், எதேச்சையாகச் சந்தித்த மாதிரி வளையல் கடையில் நிற்போம். பிடித்திருந்தால் பையனின் அம்மா பெண்ணின் கையைப் பிடித்து, இரண்டு கைக்கும் வளையல் போடவைப்பாள். அதுதான் சம்மதம். பிடிக்காவிட்டால் நலமா, சௌக்கியமா என்று கேட்டுவிட்டுப் பொரிகடலை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். வளையல் மாட்டாத கையைப் பார்த்து யாரும் எதுவும் சொல்ல முடியாது. அவரவர் மானம் அவரவர் மடியில். நல்ல ஏற்பாடுதான். எத்தனையோ கல்யாணம் அந்தக் கடைகளில் முடிவாகியிருக்கிறது, என் அம்மா கல்யாணம் உட்பட.

சித்திரை மாதத் திருவிழா. மத்தியானம் ஒரு மழை அடித்து ஓய்ந்திருந்தது. கோயிலிலிருந்து மெயின் ரோடு வரை தெரு கொள்ளாத கூட்டம். பலூன் சுடுகிற கடை, கையால் சுற்றும் ராட்டினம், மிளகாய்த்தூள் தடவிய மாங்காய்ப் பத்தை, கரும்பு ஜூஸ் மெஷினின் சலங்கைச் சத்தம், பிளாஸ்டிக் குடம் விற்பவன் தனக்கென்று வைத்திருக்கும் மைக். கோயில் மைக்கில் தமிழிலும் கன்னடத்திலும் மாற்றி மாற்றி, மஞ்சள் சட்டை போட்ட குழந்தை ஒன்று அழுதுகொண்டிருக்கிறது, பெற்றவர்கள் வந்து கூட்டிப்போகவும் என்று சொன்னார்கள். தமட்டை அடிக்கிறவர்கள் பூப்பல்லக்குக்கு முன்னால் ஆடிக்கொண்டு வந்தார்கள். சேற்றில் கால் வைக்காமல் நடப்பதற்குப் பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாப்பா அம்மாவின் பக்கத்தில் நடந்தாள். கோபம் வந்தால் எனக்குப் பேச்சு வரும். பயத்துக்கு என்ன வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது, கை சில்லிட்டுப் போகிறது.

பையனின் அம்மா நான் நினைத்த மாதிரி இல்லை. ஒல்லியாக, சிரித்த முகமாக, விரல்களில் ஊதுவத்திக் கருமை இன்னும் போகாமல் இருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் அக்கா என்று கையைப் பிடித்துக்கொண்டாள். பையன் பின்னால் நின்றான். அவனோடு அவன் கம்பெனிப் பையன்கள் இரண்டு பேர், திருவிழா பார்க்க வந்தவர்கள். பெண் பார்க்கிற விஷயம் அவர்களுக்குத் தெரியாது, அவன் சொல்லவில்லை. அதைச் சொல்லியிருக்கலாம். அவர்களில் ஒருத்தன் கரும்பு ஜூஸ் கடையிலேயே நின்றுவிட்டான். பையன் பாப்பாவைப் பார்த்தான். பார்த்துவிட்டு உடனே குனிந்துகொண்டான். காது சிவந்திருந்தது. எனக்கு மூச்சு வந்தது. இவன் பார்க்கவில்லை, அம்மா தாயே, இவன் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

பையனின் அம்மா அதிகம் யோசிக்கவில்லை. பாப்பாவின் கையைப் பிடித்து வளையல் கடை பாயிடம் நீட்டினாள். பச்சையில் தங்கப் பொடி போட்ட வளையலாகத் தேர்ந்தெடுத்தாள். பாய் விரல்களைக் குவித்துப் பிடித்து, கையைத் தளர விடும்மா என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாக ஏற்றினார். ஒரு கை நிறைந்தது. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவள் முகம் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அந்த நேரத்தில்தான் கரும்பு ஜூஸ் கிளாசோடு அந்தச் சிநேகிதன் வந்து சேர்ந்தான். பாப்பாவைப் பார்த்தான். நெற்றியைச் சுருக்கினான். அப்புறம் முகமெல்லாம் மலர்ந்து, பையனின் தோளைத் தட்டினான்.

"மச்சா, இது நம்ம கிளிக் ஹியர் பொண்ணுடா."

சொல்லிவிட்டு ஒரு கண்ணை மூடிக் காட்டினான். அவனிடம் கெட்ட எண்ணம் ஒரு துளி இல்லை. சினிமா நட்சத்திரத்தை நேரில் பார்த்துவிட்ட மாதிரி அவனுக்கு ஒரு சந்தோஷம். என்னப்பா விஷயம் என்று பையனின் அம்மா கேட்டாள். இவங்க இன்டர்நெட்டில் வருவாங்க ஆன்ட்டி, கண்ணடிப்பாங்க, எங்க ஆபீசில் எல்லோருக்கும் இவங்களைத் தெரியும், உலகம் பூரா பார்க்கலாம் என்று அவன் பெருமையாக விளக்கினான். பையன் அவன் கையைப் பிடித்து இழுத்தான். கிளாசிலிருந்து ஜூஸ் கொஞ்சம் சிந்தியது. அதற்குள் எல்லாம் சொல்லி முடித்துவிட்டான்.

பாய் இன்னொரு கைக்கு வளையலை அடுக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். பையனின் அம்மா மகனைப் பார்த்தாள். அவன் இல்லை என்று சொல்லவில்லை. அவள் பாப்பாவின் கையை மெதுவாக விட்டாள்.

"போதும் பாய்."

நான் வாயைத் திறந்தேன். அது என்னைப் பார்த்து அடித்த கண்ணுங்க, நான் அவள் அண்ணன், கேமராவுக்குப் பின்னால் நான் நின்றேன் என்று சொன்னேன். சொல்லும்போதே அது எப்படிக் கேட்கிறது என்று எனக்கே தெரிந்தது. தமட்டைச் சத்தம் வேறு. பையனின் அம்மா என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை, பாவம் என்பது போல இருந்தது. அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எந்தப் படம், யாரு கண்ணு என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். பையனின் அம்மா மறுபடியும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பொண்ணு லட்சணமா இருக்காக்கா. குறையே சொல்ல மாட்டேன். ஆனா இத்தனை பேரு பாத்த பொண்ணு எங்க வீட்டுக்கு வேணாம்."

எவ்வளவு அமைதியாகச் சொன்னாள். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அப்படிச் சொன்னால் யார் என்ன செய்ய முடியும். அவள் திரும்பிக் கூட்டத்துக்குள் நடந்தாள். அந்தச் சிநேகிதன் ஜூஸ் கிளாசை வைத்துக்கொண்டு, நான் என்ன தப்பாச் சொன்னேன் என்று எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தான். அவனையாவது நாலு அறை விடலாம் என்றால் அவன் முகத்தைப் பார்த்துக் கை எழவில்லை.

பையன் மட்டும் தயங்கி நின்றான். பையன் வீட்டுக்குக் கொடுத்தனுப்ப அம்மா வாங்கியிருந்த பொரியும் பேரீச்சம்பழமும் என் இரண்டு கையிலும் இருந்தன. அவன் என்னை ராட்டினம் பக்கமாகக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போனான்.

"சார், நான் தினமும் பாத்துட்டு இருந்தேன். வீட்ல போட்டோ காட்டினப்போ அவங்கதான்னு தெரிஞ்சுது. தெரிஞ்சுதான் சரின்னு சொன்னேன். எனக்கு அவங்களப் புடிச்சிருக்கு சார்."

நான் எதை மறைக்க ஊர் ஊராக மெயில் எழுதிக் கெஞ்சினேனோ, அதைப் பார்த்துத்தான் இவன் வந்திருக்கிறான். அந்தக் கல்யாணத்தில் சாம்பார் ஊற்றியது அவனுக்கு ஞாபகமே இல்லை போலிருக்கிறது. அவன் அவளைப் பார்த்தது அந்தப் பட்டையில்தான். அப்போ இதை உங்க அம்மாகிட்டச் சொல்லுங்க என்றேன். இப்பவே, இங்கேயே, நானும் கூட வந்து சொல்றேன் என்றேன். அவன் திரும்பிப் பார்த்தான். தூரத்தில் அவன் அம்மா பல்லக்குக்கு வழிவிட்டு ஓரமாக நின்று இவனுக்காகக் காத்திருந்தாள். அவன் என் பக்கம் திரும்பினான். கும்பிட்டான். கும்பிட்டுவிட்டுப் போய் அவள் பக்கத்தில் நின்றுகொண்டான். நான் பொரிப் பையை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

கடைக்குத் திரும்பினபோது பாய் இன்னும் அந்த வளையல்களைக் கையில் வைத்திருந்தார். ஒரு கை மொட்டையாக வீட்டுக்குப் போகக் கூடாது, போட்டுக்கோ பாப்பா என்று அம்மா கெஞ்சிக்கொண்டிருந்தாள். பாயும் காசு வேண்டாம், போட்டுக்கோம்மா என்றார். பாப்பா வேண்டாம் என்று தலையாட்டினாள். போட்டிருந்ததைக் கழற்றவும் முடியாது, உடைத்தால்தான் வரும். உடைக்கவும் அவள் விடவில்லை.

கூட்டத்தை எதிர்த்து வீட்டுக்கு நடந்தோம். அம்மா முன்னால் வேகமாகப் போய்க்கொண்டிருந்தாள், யாரிடமும் முகம் கொடுக்காமல். மஞ்சள் சட்டைக் குழந்தையை இன்னும் யாரும் வந்து கூட்டிப்போகவில்லை என்று மைக்கில் சொன்னார்கள். எங்கள் சந்துக்குள் திரும்பியதும் சத்தம் கொஞ்சம் குறைந்தது. ராட்டினத்துக்கிட்ட நின்னு அவர் என்னண்ணா சொன்னார் என்று பாப்பா கேட்டாள்.

மறைத்து என்ன ஆகப்போகிறது. ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். தினமும் பார்த்தது, போட்டோவில் அடையாளம் தெரிந்தது, தெரிந்தே சம்மதித்தது, புடிச்சிருக்கு என்றது, கும்பிட்டது எல்லாம். ஒரு கை வளையல் மட்டும் நடைக்குத் தக்கபடி சத்தம் போட்டுக்கொண்டு வந்தது. வீட்டு வாசலில் அம்மா பூட்டைத் திறந்துகொண்டிருந்தாள். பாப்பா நின்றாள்.

"புடிச்சிருந்துதுன்னா, இன்னொரு கையையும் நீட்டுன்னு அவரு சொல்லியிருக்கலாம் இல்லண்ணா? நான் நீட்டிட்டுத்தான் நின்னேன்."